எதுக்குங்க போனு?

புதிய கைப்பேசி வாங்கியவர்கள் பெட்டியைப் பிரிக்காமல் இரண்டாம் மாடிக்கு எடுத்துச் செல்வது, முகப்பேரில் எங்கள் குடியிருப்பின் வழக்கமாக இருந்தது. அங்கே தனியாக வசித்த பெண்மணி அப்பெட்டியை வாங்கிக்கொள்வார். தம்முடைய சிம் அட்டையைக் கழற்றி அதில் பொருத்துவார். பொருளைத் திருப்பி அனுப்பக் கொடுத்திருக்கும் கெடு முடியும்வரை அதுவே அவருடைய ஒரே கைப்பேசி. அதை வைத்துக்கொண்டுதான் அலுவலகம் போவார், காய்கறிக்காரருக்குப் பணம் செலுத்துவார், கோயம்புத்தூரில் இருந்த தம் தங்கையோடு பேசுவார். மாடிப்படிக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் நின்று யாரையாவது அழைத்து, ‘கேக்குதுங்களா?’ என்பார். கெடு முடிவதற்குள் உரியவரைக் கூப்பிட்டு, ‘வெச்சுக்கலாமுங்க’ என்றோ ‘அனுப்பிருங்க’ என்றோ தீர்ப்பளிப்பார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது சொல் அவரிடம் இருந்ததில்லை.

பெட்டியை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

“எதுக்குங்க போனு?”

கேட்பவர் முகத்தில் குறும்போ குத்தலோ இராது. கண்ணாடியைச் சற்றே தூக்கிவிட்டுக்கொண்டு, விடையை உண்மையாகவே அறிய விரும்பும் ஒருவராக நிற்பார். ‘சும்மா, எல்லாத்துக்குந்தான்’ என்றவர்களின் பெட்டியை அவர் தொட்டதில்லை. ‘யோசிச்சிட்டு வாங்க’ என்று கதவைச் சாத்திவிடுவார். தரைத்தளத்தில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், ‘வெளிநாட்டிலிருக்கும் பேரனைப் பார்க்க’ என்றார். அந்தப் பெட்டியைப் பெண்மணி மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். கெடு முடியும்வரை தங்கையின் குழந்தையைத் திரையில் அழைத்து அழைத்துப் பேசினார்.

முதல் மாடி இளைஞன் ஒருவன், ‘ஆபீஸ் வேலைக்குக்கா’ என்று சொல்லிக் கொடுத்தான். அவருடைய சோதனையில் அது தேறிற்று. சில வாரங்கள் கழித்து, படிக்கட்டில் அவரை மறித்துக்கொண்டு அவன் நின்றான்.

“இன்னாக்கா, நல்லாகீதுன்னு சொன்னீங்க. கேம் ஆடுனா தோசக்கல்லு மாதிரி சுடுது.”

“நல்லா இருக்குதுன்னு நான் சொல்லலீங்க. வெச்சுக்கலாமுன்னு சொன்னனுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“இல்லீங்க. அப்பறம், கேமுன்னு நீங்க சொல்லவே இல்லையே. ஆபீஸ் சோலின்னுதானுங்க சொன்னீங்க?”

அவனுக்குப் பின்னால், துணி உலர்த்த வாளியோடு படியேறி வந்துகொண்டிருந்தவர் அவனுடைய தாயார். மகன் அன்றாடம் கதவைத் தாழிட்டுக்கொண்டு அலுவலகப் பணி செய்வதாக அந்த அம்மையார் எங்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தார். நான் அப்போது என் வீட்டு வாசலில் நின்றேன். செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்துக்காகக் கைப்பேசிச் செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது அந்தப் பெண்மணியின் பணி. நாற்பதைக் கடந்தவர். மெலிந்த உடல். தோளில் மாட்டவேண்டிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார். அவருடைய சொந்தக் கைப்பேசிக்கு உறையும் இல்லை, திரைக்குக் காப்புத் தாளும் இல்லை. நான்கு மூலைகளும் நசுங்கியிருக்கும். என் மனைவி ஒருமுறை இரக்கப்பட்டு, “ஒரு கவர் வாங்கிப் போடக்கூடாதா?” என்று கேட்டாள். “போட்டா, கீழ விழுந்தா என்ன ஆகுதுன்னு தெரியாதுங்களே” என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

முடிந்துவிடும் பேச்சுகளே அவருடையவை. ‘காபி எப்படி?’ என்றால் ‘சூடா இருக்குதுங்க’ என்பார். அது குறையன்று, நிறையும் அன்று. காபி சூடாகத்தான் இருக்கும். வானகரத்தில் என் நண்பர் புதுவீடு குடிபுகுந்த விழாவுக்கு நாங்கள் அவரையும் அழைத்துச் சென்றோம். நண்பர் ஒவ்வோர் அறையாகக் காட்டி, எங்கள் வாயிலிருந்து பாராட்டை வரவழைத்துக்கொண்டே வந்தார். நாங்களும் வஞ்சகமில்லாமல் வழங்கினோம். கடைசியில் அவர் பக்கம் திரும்பி, “நீங்க ஒண்ணுமே சொல்லலியே மேடம்” என்றார்.

“பாத்ரூம் கதவு பாதிதான் தெறக்குதுங்க. வாஷ்பேசின் தடுக்குது.”

உண்மைதான். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பார்த்துவிட்டு ‘டைல்ஸ் அருமை’ என்றோம். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் என் மனைவி என் காதருகே, “இனிமே இவங்கள எங்கயும் கூட்டிட்டு வராதீங்க, மானம் போவுது” என்றாள். அவர் எங்களுக்கு எதிரே அமர்ந்து, அன்றைக்குச் சோதனையில் இருந்த யாருடைய கைப்பேசியிலோ சாலையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். கேளாதவர்போல் இருக்க அவருக்குத் தெரியாது. ஆகவே நிமிர்ந்து பார்த்து, “நான் வரலீங்க” என்றார். அதில் கோபம் சிறிதும் இல்லை.

கடைகளில் அவரோடு நிற்பது இன்னொரு சோதனை. அம்பத்தூரில் ஒரு கடையில் அவர், காட்சிக்கு வைத்திருந்த கைப்பேசியைத் திறந்து, அதில் முன்னதாகவே அடைத்து வைத்திருந்த செயலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, ‘இது எதுக்குங்க?’ என்று விற்பனையாளரைக் கேட்கத் தொடங்கினார். பின்னால் வரிசை நீண்டது.

“அது கம்பெனியே குடுக்கறது மேடம். ஃப்ரீ.”

“கேட்டாங்களா?”

“யாரு மேடம்?”

“வாங்கறவங்க.”

“யாரும் கேக்க மாட்டாங்க மேடம். அதுபாட்டுக்கு இருக்கும்.”

“அதுபாட்டுக்கு இருக்கலீங்களே. இப்ப ஒரு வெளம்பரம் வந்துச்சு பாருங்க.”

வரிசையில் நின்ற ஒருவர், “யம்மா, போன் வாங்க வந்தியா, போனுக்குப் பொண்ணு பாக்க வந்தியா?” என்றார். கடை முழுதும் சிரித்தது. அவரும் அதைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “ரெண்டுக்கும் கேக்கோணுமுங்க” என்றார். நான் பக்கத்து அலமாரியில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் விலையை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனம் ஒப்பியது ஒரே வகைக் கைப்பேசிக்குத்தான். இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் எப்படித் தந்தார்களோ அப்படியே, தயாரிப்பாளர் தம் பங்குக்கு எதையும் பூசாமல், செருகாமல் விற்பது. அப்படிப்பட்டது ஒன்று நடுத்தர விலையில் வந்தபோது, ஆவடி சேக்காட்டில் இருந்த என் அண்ணனுக்கு அதைச் சொன்னேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் அவன். பழைய கைப்பேசி நொடிக்கொரு விளம்பரம் காட்டி அவனை வதைத்துக்கொண்டிருந்தது. வாங்கினான். ஆனால் பெட்டியைப் பிரிக்காமல் என் வீட்டுக்குக் கொண்டுவர மறுத்தான்.

“புது போன வேற ஒருத்தர் கையில குடுத்து எச்சில் பண்ணி வாங்கணுமாடா?”

“இங்க எல்லாரும் அப்படித்தாண்ணே. ஒரு தடவ குடுத்துப் பாரு.”

கொண்டுவந்தான். அவர் கீழே இறங்கிவந்து, எங்கள் கூடத்தில் நின்றபடி கேட்டார்.

“எதுக்குங்க போனு?”

“பேசத்தாம்மா. வேற எதுக்கு?”

“பேசறது மட்டுமுங்களா?”

“பொண்ணு கல்யாணம் பேசிட்டிருக்கோம். சம்பந்தி வீட்டோட தினம் பேச வேண்டியிருக்கு. பேச்சு தெளிவா இருந்தாப் போதும்.”

அவர் தலையசைத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அடுத்து வந்த நாள்களில் எங்கள் குடியிருப்பில் அவரிடமிருந்து அழைப்பு வராத வீடில்லை. குழாயடியிலிருந்தும், பேருந்திலிருந்தும், மழையில் குடைக்குள்ளிருந்தும் பேசினார். பேச்சுக்கு ஒரு கைப்பேசி எந்த அளவுக்கு உதவும் என்பதை அவரைவிடக் கண்டிப்பாக எவரும் சோதித்திருக்க முடியாது.

தீர்ப்பு நாளில் அண்ணனும் வந்திருந்தான்.

“மேல எதுவும் சேக்கலீங்க. வெளம்பரம் வராது. ஒரே சோலிக்கு ரெண்டு ஆப் இல்லை. கேமரா வெளிச்சத்துல உள்ளபடி எடுக்குது, சாயங்காலம் கலங்குது. சார்ஜ் மெதுவாத்தான் ஏறும். பேச்சு எல்லா எடத்துலயும் தெளிவா இருக்குதுங்க. வெச்சுக்கலாம்.”

அண்ணன் திரையை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தான். “என்னம்மா, உள்ள ஒண்ணுமே இல்லையே.”

“ஆமாங்க. ஒண்ணுமே இல்லீங்க” என்றார்.

அவர் முகம் மலர்ந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று மாலையே சேக்காட்டில் அண்ணி அந்தக் கைப்பேசியால் மகளைப் படமெடுத்துவிட்டு, “என்னடி இது, இப்படிக் கறுத்துப் போயிட்ட?” என்று திடுக்கிட்டாள். பழைய கைப்பேசி தானாகவே முகத்தை வெளுத்துக் கொடுக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தவையும் அந்தப் படங்களே. “நான் இப்படித்தாம்மா இருக்கேன்” என்று சிரித்தாள் என் அண்ணன் மகள். கேள்விப்பட்டு நாங்களும் சிரித்தோம். கைப்பேசியின் குணத்தை அப்போதே உணர்ந்திருக்கலாம்.

மாப்பிள்ளை வீடு பூந்தமல்லியில். சம்பந்தி அங்கே பெயிண்ட் கடை வைத்திருந்தார், கலகலப்பான மனிதர். பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கியிருந்தார்கள். பூவைத்து முடித்தாயிற்று. எஞ்சியிருந்த ஒரே முடிச்சு அவளுடைய வேலை. அம்பத்தூரில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் பணிபுரிந்தாள். திருமணத்துக்குப் பின்னும் போகலாம் என்று சம்பந்தி முதலில் சொன்னார்; பிறகு ‘பாத்துக்கலாம்’ என்றார்; பிறகு, அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்பதுபோல் பேசினார். அண்ணனுக்கு அது பெருங்கவலையாகிவிட்டது. தொழிற்சாலையில் கையொப்பமின்றி ஒரு திருகாணியும் கைமாறாத ஒழுங்கில் முப்பது ஆண்டு கழித்தவன் அவன். வாய்வார்த்தை அவனுக்கு அச்சத்தையே தந்தது.

ஞாயிறு காலை. நானும் என் மனைவியும் சேக்காட்டில் இருந்தோம். சம்பந்தி அழைத்தார். குடும்பம் முழுதும் கேட்கட்டும் என்று அண்ணன் ஒலிபெருக்கியைப் போட்டுக் கைப்பேசியை நடுவில் வைத்தான்.

“இன்னா சம்பந்தி, நாஷ்டா ஆச்சா?”

“ஆச்சுங்க. நீங்க?”

“இப்பத்தான் ரெண்டு இட்லி துன்னுட்டு குந்திகீறேன். கொயந்த வேலைக்கிப் போற மேட்டரு ஒண்ணு கீதே, அதப் பேசி முடிச்சுடலாம்னு…”

அண்ணன் முன்னால் குனிந்தான். அவனுடைய கட்டைவிரல் திரையில் ஓரிடத்தைத் தேடி அழுத்திற்று. உடனே, ஆங்கிலத்தில், பதற்றமேயில்லாத ஒரு பெண்குரல், இந்த அழைப்பு இப்போது பதிவு செய்யப்படுகிறது என்று அறிவித்தது. எங்கள் கூடத்திலும் அறிவித்தது, பூந்தமல்லியிலும் அறிவித்தது.

“யாரு சம்பந்தி அது? ஊட்டுக்கு யாருனா வந்துகீறாங்களா?”

அந்தப் பக்கத்தில் பிள்ளையின் குரல் மெல்லக் கேட்டது. “இல்லப்பா. நம்ம பேசறத அவங்க ரெக்கார்ட் பண்றாங்க.”

அண்ணன் கைப்பேசியை எடுத்து ஒலிபெருக்கியை அணைக்கப் பார்த்தான்.

“ஓகோ” என்றார் சம்பந்தி. தொடர்பு அறுந்தது.

என் அண்ணன் தன் பழைய கைப்பேசியில் நெடுங்காலமாக எல்லா அழைப்புகளையும் பதிந்து வைத்துக்கொண்டிருந்தான் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அது தானாகப் பதியும், யாரிடமும் சொல்லாது. புதியதில் அதற்குரிய பொத்தானைத் தேடிப் பிடித்து, சரியான தருணத்துக்காகக் காத்திருந்து, முதன்முறையாக அப்போதுதான் அழுத்தியிருக்கிறான்.

“அவர் மாத்தி மாத்திப் பேசறார்டா. நாளைக்கு என் பொண்ணு அங்க போய் நின்னு, ‘நீங்கதானே சொன்னீங்க’ன்னு கேட்டா, ‘எப்ப சொன்னேன்’ம்பார். அதுக்குத்தான். இந்தா, நீயே கேளு, அன்னைக்கு என்ன சொன்னார்னு” என்று பழைய கைப்பேசியைத் திறந்து என்னிடம் நீட்டினான்.

பெயர்கள் வரிசையாக நின்றன. சம்பந்தியின் பெயர். தரகரின் பெயர். அண்ணியின் தம்பி. எங்கள் சித்தி. அவற்றுக்கு நடுவே என் பெயர், ஒன்றன்கீழ் ஒன்றாக, திரை முடியும்வரை.

நான் பார்ப்பதை அண்ணன் பார்த்தான். “அது தானா பதிவாகறதுடா” என்று கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மகள் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் தரகர் அழைத்து, ‘அவங்க கொஞ்சம் யோசிக்கறாங்களாம்’ என்றார். பெண்பார்க்கும் உலகில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும். அண்ணன் அன்று மாலையே முகப்பேருக்கு வந்து, என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினான்.

“நீ குடுத்த போன்மா. என் பொண்ணு கல்யாணமே நிக்கப் போவுது.”

அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, “பேசறது மட்டுமுன்னு சொன்னீங்களே” என்றார்.

“அதெல்லாம் வெளியில சொல்ற விஷயமாம்மா?”

அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு தாழ்வு தெரிந்தது.

“தப்பு என்னுதுங்க. பேசறவங்க என்னென்ன செய்வாங்கன்னு நான் யோசிச்சிருக்கோணும். சோதனைல விட்டுப்போச்சு.”

அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. உடனே குரலைத் தாழ்த்தினான். “அப்ப ஒரு உதவி பண்ணு. பூந்தமல்லி வரைக்கும் எங்களோட வா. போன்ல கோளாறு, அதுவா பதிவு பண்ண ஆரம்பிச்சுடுச்சு, நீ செக் பண்ணிப் பாத்துட்டன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ இந்த வேலை தெரிஞ்சவ. உன் வாயால வந்தா நம்புவாங்க.”

“வாறனுங்க” என்றார் அவர். “நடந்தத சொல்றனுங்க.”

அண்ணன் அதை இசைவு என்று எடுத்துக்கொண்டான். அவரை அறிந்த நான் படியிறங்கும்போது அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லப்போவது என்ன என்பதைவிட, சொல்லாமற் போனால் அண்ணன் மகளுக்கு என்ன மிஞ்சும் என்பதே என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பூந்தமல்லி வீட்டின் கூடத்தில் நாங்கள் நெருக்கியடித்து அமர்ந்தோம். மாப்பிள்ளைப் பையன் கதவோரம் நின்றான். சம்பந்தி அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுக்களை வாயிலிலேயே நின்றுகொண்டார். அண்ணன் பெண்மணியை அறிமுகப்படுத்தினான். “இவங்க போன் எல்லாம் டெஸ்ட் பண்றவங்க. என் போனைப் பாத்தவங்க. இவங்களே சொல்வாங்க.”

“சொல்லும்மா” என்றார் சம்பந்தி.

“போன்ல கோளாறு இல்லீங்க.”

அண்ணன் இருமினான்.

“பதிவு பண்ணச் சொன்னா பண்ணும். பண்றப்ப ரெண்டு பக்கமும் கேக்கற மாதிரி சொல்லிட்டுத்தான் பண்ணும். அதோட வழக்கம் அப்படிங்க.”

“அதாவது, அது தானா பண்ணல. இவரு அமுக்கிகீறாரு.”

“ஆமாங்க.”

தரையில் பதித்திருந்த கல்லில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. அது சுவர்வரை சென்று எங்கே முடிகிறது என்பதை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அண்ணன் முழங்கால்மேல் வைத்திருந்த இரு கைகளையும் கோத்துக்கொண்டான். தன்னைவிட வயதில் இளைய ஒருவர் வீட்டில், மகளின் பொருட்டு, அறுபது கடந்த மனிதன் ஒருவன் அப்படிக் குனிந்து அமர்ந்திருப்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

சம்பந்தி நாற்காலியில் சாய்ந்தார். வெற்றி பெற்றவரின் சாவகாசத்தோடு அப்பெண்மணியைக் கேட்டார்.

“ஏம்மா, இந்த மாதிரி போன் எல்லாமே இப்படித்தான் கூவுமா?”

“மேல எதுவும் சேக்காத போன் எல்லாம் சொல்லுமுங்க. ஒவ்வொரு கம்பெனி அவங்களா மாத்தி வெச்சிருப்பாங்க. அதுல சிலது சொல்லாது.”

“அதான பாத்தேன். நம்மளுது ஒரு தபாகூட கூவலியே.”

சொல்லி முடித்த பிறகுதான், தாம் சொன்னது இன்னதென்று சம்பந்திக்கு விளங்கிற்று.

“அப்பா,” என்றான் பையன், “நீயுமா?”

அடுக்களை வாயிலில் சம்பந்தி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. “கேளுப்பா, நல்லாக் கேளு. எங்க அண்ணன் பேசறதக்கூட புட்சி வெச்சிகினு கீறாரு. போன வாரம் எனக்கே போட்டுக் காட்டுனாரு.”

“நீ சும்மா இருடி.” சம்பந்தியின் குரல் இறங்கியிருந்தது. “கல்யாணப் பேச்சு. அவரு இன்னிக்கு பூந்தமல்லியில மண்டபம்ன்றாரு, நாளிக்கு ஆவடின்றாரு. நாம ஒரு சேப்டிக்கு…”

வேறு எவராயினும் இவ்விடத்தில் சிரித்துப் பேச்சை மாற்றியிருப்பார்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்த முகத்தை நான் அறிவேன்; மறுபடியும் தரையிலிருந்த கோட்டைப் பார்க்கத் தொடங்கினேன்.

“அப்ப ரெண்டு பேருகிட்டயுமே அந்தப் பேச்சு இருக்குதுங்களே. பொண்ணு வேலைக்குப் போறதப் பத்தி என்ன சொன்னாங்கன்னு போட்டுக் கேட்டுக்கலாமுங்க. யாரும் யோசிக்க வேண்டியதில்லை.”

இரண்டு கைப்பேசிகள் இரண்டு சட்டைப்பைகளில் இருந்தன; அண்ணன் எடுத்து வந்திருந்தது பழையதை. இரண்டு கைகளும் அவற்றின்மேல் போய் அமர்ந்தன, எடுக்கவில்லை. தம்மிடம் இருப்பதில் தம் குரலும் இருக்கிறது என்பது இருவருக்கும் ஒரே கணத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“வாணாம்மா” என்றார் சம்பந்தி. அண்ணனைப் பாராமல், வாசற்பக்கம் பார்த்தபடி சொன்னார். “நான்தான் சொன்னேன். கொயந்த வேலைக்கிப் போவட்டும்.”

“மண்டபம் இங்கயே வெச்சுக்கலாங்க” என்றான் அண்ணன், தன் கைகளைப் பார்த்தபடி.

அவ்வளவுதான். தேதி குறிக்கப்பட்டது. காபி வந்தது. சம்பந்தி அம்மாள் அவரிடம், “காபி எப்டிமா கீது?” என்று கேட்டார். “சூடா இருக்குதுங்க” என்றார் அவர்.

அந்த உதவிக்காக நாங்கள் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. திரும்பி வரும்போது அண்ணன் அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அழைப்பிதழ் கொடுக்க எங்கள் குடியிருப்புக்கு வந்தவன், தாம்பூலத் தட்டோடு எல்லா வீடுகளுக்கும் போனான். இரண்டாம் மாடியின் கடைசிக் கதவுக்கு மட்டும் போகவில்லை. “அவங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்டா” என்றான். அனுப்பியது அழைப்புதானே என்று அவர் திருமணத்துக்கு வந்தார். மண்டபத்தில் அவர் நுழையக் கண்டதும் இரு சம்பந்திகளும் பந்தியைக் கவனிக்க எழுந்து போனார்கள். அவர் வரிசையில் நின்று மேடையேறி, மணப்பெண்ணிடம் கேட்டார்.

“வேலைக்குப் போறீங்களா?”

“போறேன்க்கா. திங்கக்கிழமை லீவு முடியுது.”

“செரிங்க” என்று இறங்கிவிட்டார்.

பூந்தமல்லியில் நடந்தது எப்படியோ எங்கள் குடியிருப்புக்கும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு இரண்டாம் மாடிக்குப் பெட்டிகள் ஏறுவது குறைந்தது; பின்பு நின்றுபோயிற்று. அவரைப் பற்றி எவரும் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. அவரவர் கைப்பேசியை அவரவரே பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தன் பழைய கைப்பேசிக்கே திரும்பிவிட்டான். இப்போதும் வாரத்துக்கு ஒருமுறை என்னை அழைக்கிறான். நான் ‘சொல்லுண்ணே’ என்றபின் இருவரும் சற்றே தயங்குகிறோம், ஒரு பெண்குரல் வந்து எதையோ அறிவித்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருப்பவர்கள்போல. அவனுடைய கைப்பேசி எதையும் அறிவிப்பதில்லை. பிறகு வெயிலைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் பேசுகிறோம். அச்சில் ஏற்றத்தக்க வாக்கியங்களாகவே பேசுகிறோம்.

சில மாதங்களில் அவர் வீட்டைக் காலிசெய்தார். அலுவலகத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டதால் வானகரத்துப் பக்கம் போவதாகச் சொன்னார். சாமான்கள் வண்டியில் ஏறிய பிறகு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வாசலில் விடைபெற நின்றார். அந்த வாரந்தான் என் மனைவிக்குப் புதிய கைப்பேசி ஒன்று வாங்கியிருந்தோம். கிழித்துப் பிரித்த அதன் பெட்டி, பழைய செய்தித்தாள்களோடு கதவருகே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கவும் இல்லை.

“போயிட்டு வாறனுங்க.”

எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. “பக்கத்துலதானே. அடிக்கடி வாங்க” என்றேன்.

அவர் கண்ணாடியைச் சற்றே தூக்கிவிட்டுக்கொண்டார்.

“எதுக்குங்க?” என்று கேட்டார்.

கோபமில்லை, குத்தலில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வண்டிக்காரர் இருமுறை ஒலியெழுப்பும்வரை விடைக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்; பிறகு படியிறங்கிப் போனார்.